சிவந்த சாறு

அத்தியாயம் 17

எலுமிச்சம்பழச் சாறு நாள்பட்டால் பழுப்பாகும். காற்றுப் பட்டால் கறுக்கும். அது சிவந்ததாக எந்த ஊரிலும் யாரும் சொன்னதில்லை. ஆனால் நேற்று சாயங்காலம் ஜெயசித்ரா ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்த பாட்டிலில் சாறு சிவந்திருந்தது. லேசாகத்தான், ரோஜாப்பூவை அலசிய தண்ணீர் மாதிரி. அந்தப் பாட்டிலும் கையுமாக நின்றவளைத்தான் போன வாரம் நாம் பாதியில் விட்டுவிட்டு வந்தோம்.

பாட்டிலை அவள் யாருக்கும் காட்டவில்லை. துப்பட்டாவுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, விடியும்வரை புரண்டுகொண்டிருந்தாள். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள்தான். சாறு ஏன் நிறம் மாறும் என்று நாலு காரணம் அடுக்கத் தெரிந்தவள்தான். அந்த நாலையும் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வந்து மனசில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அப்பா.

கதையின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், இலஞ்சிப் பக்கம், 'பொதிகைச் சாறு' என்று பச்சை எழுத்தில் போர்டு வைத்த கம்பெனி இவர்களுடையது. கட்டியவர் சுந்தரபாண்டியன், ஜெயசித்ராவின் அப்பா. புளியங்குடிச் சந்தையில் பழம் மலிந்து, லாரி வாடகைக்குக்கூடத் தேறாமல், விளைவித்த சம்சாரிகள் மூட்டை மூட்டையாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற மாதங்கள் உண்டு. கொட்டுவதற்கு முன்னால் வாங்கிப் பிழிந்து அடைத்துவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கண்ட யோசனை. இன்றைக்கு அந்தப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டத்துக்காரர்கள் பாதிப் பேர் மழைக்காலத்தில் இந்தக் கம்பெனி கேட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

போன தை மாதம் ஒரு விடிகாலையில், ஒண்ணாம் மிஷினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்ற மனிதர் நின்ற வாக்கில் சரிந்தார். நெஞ்சடைப்பு. ஆட்கள் வந்து சேர்வதற்குள் மிஷின் தன்பாட்டுக்குப் பிழிந்துகொண்டே இருந்திருக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்து, வெள்ளைத் தரை முழுக்கச் சாறு பரவி, அதன் நடுவில் அவர் கிடந்தார். குளிப்பாட்டி மாலை போட்ட பிறகும் அந்த வாசனை அவரை விட்டுப் போகவில்லை.

ஒண்ணாம் மிஷின் அதற்குப் பிறகு இரும ஆரம்பித்தது. காலையில் ஸ்விட்சைப் போட்டதும் ஒரு நொடி சும்மா இருக்கும். பிறகு 'க்கும்' என்று ஒரு செருமல். சுந்தரபாண்டியன் பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்வாரே, அச்சு அசல் அதே. காற்றுக் குழாயில் ஈரம் ஏறியிருக்கிறது என்று ஜெயசித்ரா எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மறுநாளிலிருந்து அந்தச் செருமல் கேட்டதும் பெண்கள் வேலையை நிறுத்தி, "வந்துட்டாவ" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, அப்புறம்தான் கையுறையை மாட்டினார்கள்.

*

வெள்ளிக்கிழமை. மலையை மூடிக்கொண்டு சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டியில் வந்த ஜெயசித்ராவுக்குப் பாதித் தூரத்திலேயே புருவத்தில் தண்ணீர் கோத்துக்கொண்டது. எதிரே அருவிக்குப் போகிற வேன்களில் ஜனங்கள் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகக் கைகொட்டிப் பாடிக்கொண்டு போனார்கள். ஊரெல்லாம் சீசன் கொண்டாட்டம்.

இன்றைக்குத்தான் கொச்சியிலிருந்து குத்தாலிங்கம் வருகிறார். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்குச் சரக்கு பார்த்து வாங்குகிற மனிதர். அவர் கையை அசைத்தால் கன்டெய்னர் துபாய்க்குக் கிளம்பும். அசைக்காவிட்டால், மூன்று மாதமாகப் பிழிந்து வைத்தது உள்ளேயே கிடக்கும். புதிதாகப் பழம் வாங்க இடம் இருக்காது. புளியங்குடிக்காரர்கள் மறுபடி ரோட்டோரம் கொட்டுவார்கள். ஆடி முடிவதற்குள் கேட்டைச் சாத்த வேண்டியதுதான்.

மிஷின் அறை வாசலில் செருப்பு வைக்கிற தட்டில், மேல் வரிசையில், அப்பாவின் தோல் செருப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. சாரல் காலத்தில் தோல் என்றால் இரண்டே நாளில் பூசணம் பூக்கும். பக்கத்தில் இருந்த அண்ணன் பாண்டிராஜின் பழைய பூட்ஸ் பச்சையாகவே ஆகிவிட்டது. அப்பாவின் செருப்பில் மட்டும் ஒரு புள்ளி இல்லை.

"யாரு தொடைக்கியோ?" என்று அவள் கேட்டாள்.

பேராச்சி கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். கம்பெனி தொடங்கின நாளிலிருந்து பழம் கழுவுகிற பெண்களுக்கு மேஸ்திரி.

"நாங்க ஆரும் தொடலையே பாப்பா. நீங்கதான் தொடைக்கியோன்னுல்லா நெனச்சோம்."

ஜெயசித்ரா மறுபடி செருப்பைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஒண்ணாம் மிஷினின் தொட்டி, இரண்டாம் மிஷினின் தொட்டி, மூன்றாம் மிஷினின் தொட்டி. மூன்றிலும் ஒரு குவளை எடுத்து வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். இரண்டும் மூன்றும் சுத்தம். ஒண்ணாம் தொட்டிச் சாறு வடிந்த துணியில் மட்டும் சிவப்பாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் நின்றன. விரலால் தேய்த்தாள். இழுவிக்கொண்டு போனது. முகர்ந்தாள். முகர்ந்த மாத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். கோயில் வாசனை.

குங்குமம்.

பயந்தது ரத்தத்துக்கு. கிடைத்தது குங்குமம். நிம்மதியாக இருக்க வேண்டாமா? இல்லை. குங்குமம் தானாக மிஷினுக்குள் வராது, யாரோ போட்டிருக்க வேண்டும்.

குடையைக்கூட எடுக்காமல் பின்கட்டுக்கு ஓடினாள். பிழிந்த தோலை அங்கேதான் மலை மாதிரிக் குவித்து வைப்பார்கள், மாட்டுத் தீவனத்துக்குப் போகும். மழையில் நனைந்து புளித்த வாடை அடித்தது. ஒண்ணாம் மிஷின் தள்ளிய குவியலில் கையைவிட்டுத் துழாவினாள். பேராச்சி பின்னாலேயே வந்து, "என்ன தேடுதிய பாப்பா, நான் எடுத்துத் தாரேன்" என்று பதறினாள்.

கிடைத்தது. நசுங்கிய ஒரு மூடி. இரண்டாக வெட்டி, வெட்டுவாயில் குங்குமம் தடவிய பழத்தின் மூடி. இன்னும் துழாவினாள். இன்னொன்று. அப்புறம் ஒன்று. திருஷ்டி கழித்து முச்சந்தியில் வீச வேண்டிய பழங்கள்.

"பேராச்சி அக்கா, இதெல்லாம் யாரு மிஷினுக்குள்ள போட்டா?"

பேராச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"கழுவுத இடத்துல போட்டிருந்தா குங்குமம் அங்கேயே கரைஞ்சிருக்கும். கழுவின பொறவு, மிஷின் வாயில கொண்டுவந்து போட்டிருக்காங்க. மிஷின் ரூமுக்குள்ள வாரது ஒங்க ஆளுக, அண்ணன், நான், அவ்வளவுதான்" என்றாள் ஜெயசித்ரா.

"அம்மாவும் வாராவல்லா?" என்று பேராச்சி மெல்லச் சொன்னாள். சொன்னதற்காகவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என் வாயில நெருப்ப வைக்க. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை அய்யா போட்டோவுக்கு வெளக்கேத்த வாராவல்லா. ஏத்திட்டு, கையில ஒரு பழத்த வச்சிக்கிட்டு ஒண்ணாம் மிஷின்கிட்டப் போய் நிப்பாவ. என்னமோ பேசுவாவ. பொறவு பழத்த உள்ள போட்டுருவாவ. நான் பாத்துட்டுப் பாக்காத மாதிரி வந்துருவேன். கார் வாங்குனா டயருக்கு அடியில பழம் வச்சு நசுக்குதோம்லா பாப்பா. இதுக்கு டயரு இல்ல. அதான் வாயிலயே போடுதாவன்னு நெனச்சேன்."

ஜெயசித்ராவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள். அம்மா ஆனந்தவள்ளி அந்த மிஷின் தன் புருஷனைக் காவு வாங்கிவிட்டது என்று நம்புகிறாள். அங்கே தங்கிவிட்டவரை அனுப்பக் கழிப்புக் கழிக்கிறாள். எலுமிச்சம்பழம் பிழிகிற மிஷினுக்கு எலுமிச்சம்பழத்தாலேயே கழிப்பு. நம் ஜனங்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கு இது தோன்றும்? சிரிப்பு வந்திருக்க வேண்டியது. அவளுக்கு அழுகைதான் முட்டியது.

*

பாண்டிராஜ் கதையை முழுக்கக் கேட்டான். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவன், அப்பா போனதும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கம்பெனியில் உட்கார்ந்தவன். கொஞ்சநேரம் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"மூணு தொட்டியையும் ஒண்ணாக் கலந்துரு" என்றான்.

"அண்ணே!"

"கலந்தா நெறம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"பொறவென்ன? சாமிக்கு வைக்கித குங்குமம்தான? வெசமா?"

"சாமிக்கு வைக்கிதது மஞ்சள்ல செஞ்சிருந்தா பரவாயில்ல. இது சாயம். துணிக்குப் போடுத சாயம். ஒரு தொட்டிச் சாறு முழுசும் இந்த நெறத்துக்கு மாறணும்னா கை கையாப் போயிருக்கணும். அங்கன எறக்கும்போது சோதன பண்ணுவான். நம்ம கண்ணுக்குத் தெரியாதது அவன் மிஷினுக்குத் தெரியும். கன்டெய்னர அப்படியே திருப்பி அனுப்புவான்."

"அனுப்பினா அனுப்புதான். பாத்துக்கிடலாம்."

"நம்மளோட போவாது அண்ணே. இந்தியாலேந்து வந்த சாறுல சாயம்னு எழுதுவான். நம்ம கம்பெனி பேரா எழுதுவான்? அடுத்து போற எல்லாப் பெட்டியையும் ஒடச்சுப் பாப்பான். ஊறுகா போடுதவன், மாங்கூழு போடுதவன், எல்லாரு வாயிலயும் மண்ணு. அப்பா இத்தன வருசம் ஒரு சொட்டு எசன்ஸ் சேக்காம வித்தது இதுக்கா?"

அப்பா என்ற வார்த்தை விழுந்ததும் பாண்டிராஜ் எழுந்து ஜன்னலண்டை போய்விட்டான். வெளியே மலை இல்லை, வெறும் வெள்ளை. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான்.

"சரி. சொல்லணும்னா சொல்லு. ஆனா அம்மா பேர எடுக்காத. எம் பேரச் சொல்லு. நான்தான் போட்டேன்னு சொல்லிரு."

"பைத்தியமா? கம்பெனிய நடத்துதவனே மிஷினுக்குள்ள குங்குமம் போட்டான்னு சொன்னா எவன் வாங்குவான்? இன்னிக்கே கார்ல ஏறிப் போயிருவாரு."

"நான் சொல்லுதேன்லா! எம் பேரச் சொல்லுட்டி!"

கத்தினான். குரல் கீறிக்கொண்டது. ஜெயசித்ராவுக்கு அண்ணன்மேல் பாசம் பொங்கியது. எவ்வளவு முரடன், அம்மாவுக்கு என்றதும் எப்படி உருகுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் தோளைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டுவிட்டது.

*

குத்தாலிங்கம் ஈரத் தலையோடு இறங்கினார். விடிகாலையிலேயே ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்திருந்தார். பிறந்தது செங்கோட்டை, பிழைப்பது கொச்சி. பேச்சில் இரண்டும் கலந்து வரும். மிஷின் அறையெல்லாம் தேங்காய் எண்ணெய் மணத்தது.

"அருவி கொள்ளாம்மா, நல்ல தண்ணி. மனசு நெறஞ்சு வந்திருக்கேன். சரக்கப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு, மத்தியானம் கேரளா பார்டர் கடையில பொரிச்ச கோழி சாப்பிட்டுக் கெளம்புதேன்."

இரண்டாம் தொட்டிச் சாற்றை நாக்கில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே இருந்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார்.

"போன மாசம் துபாய்ல ஒரு பெரிய கடையில நின்னேன். எலுமிச்சச் சாறு மட்டும் ஒரு செவரு நெறைய இருக்கு. இத்தாலி, ஸ்பெயின்னு கண்ணுக்கு நேரா அடுக்கி வச்சிருக்கான். ஒலகத்துலயே எலுமிச்ச அதிகமா வெளையுத நாடு நம்ம நாடு. நம்ம பாட்டில் எங்கன இருக்கு தெரியுமா? அடித்தட்டுல. முட்டுக் குத்தி எடுக்கணும். எனக்கு முட்டு வலி வேற. ருசியிலயா கொறஞ்சு போனோம்? நாக்குல விட்டா நம்மள அடிக்க ஆளு இல்ல. ஒரு தடவ நல்லா அனுப்புவோம், மறுதடவ கோட்ட விடுவோம். அதனாலதான் கீழ கெடக்கோம். ஒங்கப்பா இருந்திருந்தா இதக் கேட்டு எப்படிக் கொதிச்சிருப்பாரு!"

ஜெயசித்ரா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் யாரோ ஒண்ணாம் மிஷினைப் போட்டார்கள். ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு அது செருமியது.

குத்தாலிங்கம் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அவர் சுந்தரபாண்டியனோடு பத்துப் பதினைந்து வருஷம் பழகியவர். முன்கையில் மயிர் குத்திட்டு நின்றதை அவள் பார்த்தாள்.

"மாமா" என்றாள் அவள். இதுவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "ஒண்ணாம் தொட்டிய நீங்க எடுக்காண்டாம்."

நசுங்கின மூடிகளை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் கடுத்தது, அப்புறம் தளர்ந்தது. குங்குமம் ஒட்டிய மூடியைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"நானும் இந்தப் பக்கத்துக்காரன்தாம்மா. என் காருக்கு அடியிலயும் பழம் நசுங்கியிருக்கு. இதுல ஆரையும் கேலி பண்ண எனக்கு யோக்கிதை இல்ல. ஆனா ஒண்ணு சொல்லு. போட்டது ஆரு?"

"அது எதுக்கு மாமா? இனிமே நடக்காது."

"ஆருன்னு தெரியாம நடக்காதுன்னு எப்படிச் சொல்லுத? நான் அங்கன போயி என் மொதலாளிட்ட என்னத்தச் சொல்லட்டும்? பேய் போட்டுதுன்னா? ஆளத் தெரிஞ்சா, அந்த ஆளு இனிமே மிஷின் ரூம் படியேறமாட்டாருன்னு நீ ஒரு வார்த்த சொன்னா, ரெண்டாம் தொட்டியும் மூணாம் தொட்டியும் இன்னிக்கே ஏத்துதேன். அடுத்த கன்டெய்னரும் ஒனக்குத்தான். சொல்லலன்னா என்ன மன்னிச்சுரு. ஒங்கப்பா மொகத்துக்காகக்கூட முடியாது."

வெளியே புளியங்குடி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. பழ வாசனை காற்றில் வந்தது. இறக்கலாமா வேண்டாமா என்று டிரைவர் சத்தம் போட்டுக் கேட்டான்.

ஜெயசித்ரா தரையைப் பார்த்தாள். வெள்ளைத் தரை. அப்பா கிடந்த இடம்.

"எங்க அம்மா" என்றாள்.

குத்தாலிங்கம் உச்சுக்கொட்டினார். "ஆனந்தவள்ளி மயினியா..." என்று இழுத்தார்.

"இனிமே அவங்க இந்த ரூமுக்குள்ள வரமாட்டாங்க. நான் சொல்லுதேன்."

*

ஒண்ணாம் தொட்டியின் திருகை ஜெயசித்ராவே திறந்தாள். மற்றவர்கள் தொட மாட்டோம் என்றுவிட்டார்கள்.

தொட்டிக்குள் இருந்தவரை அது லேசான நிறமாகத்தான் தெரிந்தது. வெள்ளைத் தரையில் விழுந்து பரவியதும் பளிச்சென்று சிவந்தது. வாய்க்காலைத் தேடிக்கொண்டு அறை முழுக்கப் படர்ந்தது. பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பேராச்சி குலவையிடுவதா அழுவதா என்று தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். தை மாதத்து விடிகாலை ஒவ்வொருவர் கண்ணுக்கும் முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு அங்கே கிடந்தவர் மட்டும்தான் இல்லை. அவர் இல்லை என்று சத்தியம் செய்யவும் அந்த அறையில் யாரும் தயாராக இல்லை.

வாசலில் நின்ற பாண்டிராஜ் அந்தச் சிவப்பைப் பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. எங்கே போகிறான் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. கன்டெய்னர் வந்துவிட்டது. லாரிப் பழத்தை இறக்கச் சொல்லியாயிற்று. குத்தாலிங்கம் கோழியை மறந்து, குடையைப் பிடித்துக்கொண்டு கடைசி டிரம் ஏறும்வரை நின்றார். போகும்போது அவள் தலையில் கை வைத்தார்.

"நல்ல காரியம் செஞ்ச. ஆனா வீட்ல போய் மெதுவாச் சொல்லு."

*

வீடு தென்காசியில், கோயில் தெருவில். கோபுர வாசலில் எப்போதும் அடிக்கிற காற்று இன்றைக்குச் சாரலையும் அள்ளிக்கொண்டு வந்து கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

ஆனந்தவள்ளி குளித்து, சாம்பல் நிறப் புடவை கட்டி, எண்ணெய்ப் பாத்திரமும் திரியும் வைத்த கூடையோடு கம்பெனிக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தாளாம். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியாட்டி? கன்டெய்னர் போயிட்டா? ஒங்கப்பாட்ட போயிச் சொல்லிட்டு வந்துருதேன். காத்துக்கிட்டு இருப்பாவ."

எப்படி மெதுவாகச் சொல்வது? ஜெயசித்ரா அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள். சிவந்த சாற்றை, தோல் குவியலை, குத்தாலிங்கம் கேட்டதை, தான் கொடுத்த வாக்கை. ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மாவின் கை தலையைக் கோதிக்கொண்டே இருந்தது. 'எங்க அம்மா' என்று சொன்னேன் என்ற இடத்தில் மட்டும் கை நின்றது.

"இனிமே நான் அங்கன வரப்படாதா?"

"மிஷின் ரூமுக்குள்ளதான்மா. ஆபீஸ் ரூம்ல போட்டோவ மாட்டுதேன். நீ அங்கன வெளக்கேத்து."

"போட்டோவ எங்கனயும் மாட்டலாம்ட்டி. அவுக அந்த எடத்துலல்லா இருக்காவ."

"அம்மா, நீ அப்பாவ வெரட்டத்தான கழிச்சுப் போட்ட? இப்ப அவுக அங்கனயே இருக்காவங்கிற?"

"வெரட்டவா?" ஆனந்தவள்ளி மகளின் முகத்தை நிமிர்த்தினாள். கண்ணில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். "நான் ஏம்ட்டி அவுகள வெரட்டணும்? வாரத்துல ஒரு நாளு அந்தச் செருமலக் கேக்கத்தான் நான் உசுரோட இருக்கேன். காலையில எந்திரிச்சதும் ஒரு எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு, உப்புப் போட்டுக் குடிப்பாவ. நான்தான் பிழிஞ்சு கொடுப்பேன், கல்யாணம் ஆன நாளா. அங்கன ஆரு கொடுப்பா? அதான் ஒரு பழத்தப் போடுதேன். நல்லாக் கழுவி, தொடச்சு."

கூடையிலிருந்து எடுத்து நீட்டினாள். மஞ்சளாக, முழுசாக, வெட்டுப் படாத ஒரு பழம்.

ஜெயசித்ரா அதையே பார்த்தாள்.

"இப்படியே போடுவியாம்மா? வெட்ட மாட்டியா?"

"எதுக்கு வெட்டணும்? மிஷின் வெட்டாதா?"

"குங்குமம் தடவி..."

"ஏட்டி." ஆனந்தவள்ளியின் குரல் இறங்கிப்போனது. "நான் குங்குமத்த எப்படித் தொடுவேன்?"

ஜெயசித்ரா அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தாள்.

பதினாறாம் நாள் அன்று கூடத்தில் அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால் நின்று, என் அம்மா நெற்றியில் இருப்பதை எவளும் தொடக்கூடாது என்று சண்டை போட்டவள் இவள்தான். இந்தக் காலத்தில் இதெல்லாம் என்ன என்று அத்தைமாரை வாயடைக்க வைத்தவள். அம்மாதான் ஒன்றும் பேசாமல் கண்ணாடி முன்னால் போய்த் தன் கையாலேயே அழித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு சாமி அறையில் குங்குமச் சிமிழ் இருக்கிற பலகைப் பக்கம்கூட அவள் கை போனதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்துக்குப் பொட்டு வைப்பதே ஜெயசித்ராதான். அம்மாவுக்காக.

அதை மறந்துவிட்டு, அம்மா பெயரைச் சொல்லியிருக்கிறாள். நிறுத்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு போன் போடவில்லை.

"அம்மா, நான் இப்பவே மாமாவுக்குப் போன் பண்ணுதேன். தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுதேன். நீ வா, இப்பவே போவோம், ஒன்ன நானே கூட்டிட்டுப் போய்..."

போனை எடுத்த கையை ஆனந்தவள்ளி பிடித்துக்கொண்டாள். குளிர்ந்த கை. ஆனால் பிடி இரும்பாக இருந்தது.

"மாத்திச் சொல்லாத."

"நீ செய்யாததுக்கு நீ ஏம்மா..."

"நான்தான்னே இருக்கட்டும். நான் இனிமே வரல. கன்டெய்னர் போகட்டும், சம்சாரிக பழம் விக்கட்டும். ஒங்கப்பாவுக்கும் அதுதான் வேணும்."

"அப்போ போட்டவங்க? அவங்க மறுபடியும் போடுவாங்கல்லாம்மா? அந்த ரூமுக்குள்ள வந்துட்டுத்தான இருப்பாங்க?"

வாசலில் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. ஆனந்தவள்ளி எழுந்து போய், சவாரி இல்லை என்று சொல்லி அதை அனுப்பிவைத்தாள். காற்றில் அடித்துக்கொண்ட கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். திரும்பி வந்து மகளுக்கு வெகு அருகில் உட்கார்ந்துகொண்டாள்.

"இனிமே போடாம நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். "ஆருன்னு எனக்குத் தெரியும்ட்டி. அந்தச் செருமலக் கேட்டு மனசு பயந்து கெடக்கிற புள்ள. பட்டாளத்துல இருந்துட்டு வந்தா மட்டும் பயம் போயிருமா? எம் பேருலயே இருக்கட்டும்."